ஹரிஹரனின் தாள்

"ஹரிஹரன் தாள்ல 'துண்டு மாற்றவும்'னு முத்து முத்தா வருது. உங்களுதுல மட்டும் ஏன் ஆல்வின் வெறும் கட்டமா வருது?"

ஜாக்குலின் மேடம் கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஆல்வின் தாங்கியிருப்பான். அக்கறையாகக் கேட்டார்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த விடுதி அது. எந்தெந்த அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், எதில் என்ன மாற்ற வேண்டும் என்று தினமும் காலையில் கணினியிலிருந்து ஒரு தாள் அச்சாகும். இனி அது தமிழில் வர வேண்டும், யாருடைய தாள் ஓடுகிறதோ அவருக்கே கணினிப் பிரிவின் பொறுப்பு என்று விடுதி மேலாளரான மேடம் சொல்லியிருந்தார். ஊரப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வரும் ஆல்வின் அந்தப் பொறுப்பை வருஷக்கணக்காகக் கனவு கண்டவன். பொத்தேரியில் படித்துவிட்டுப் போன மாதம் சேர்ந்த ஹரிஹரனோ, கனவே காணாமல் ஒரு மாதிரித் தாளை மேடத்தின் மேசையில் வைத்துவிட்டான்.

அன்று காலை ஓடிய ஆல்வினின் தாளில் அறை எண்கள் சரி. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டங்கள்.

எழுத்துருவை மாற்றினான். கட்டங்கள் கேள்விக்குறிகளாகி, அவனையே ஏதோ விசாரிப்பது போல வரிசையாக நின்றன. குறியாக்கத்தை மாற்றினான். தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்து இறங்கின. மொழி அமைப்பையே தமிழுக்குத் திருப்பினான். அறை எண்களும் பழந்தமிழ் எண்களாகி ௧௦௭ என்று அச்சாயின. சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவியான பொன்னி, தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா சார், பூச்சி ஊருது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பக்கத்தில் ஹரிஹரன் காலாட்டிக்கொண்டு டீ குடித்தான். அவன் டீ உறிஞ்சும் சத்தம்கூட ஆல்வினுக்கு நல்ல தமிழில் கேட்டது.

ஹரிஹரன் சாப்பிடப் போன நேரத்தில் ஆல்வின் கணினியில் அவனுடைய கோப்பைத் திறந்தான். எங்கே சொடுக்கினாலும் பக்கம் முழுவதும் ஒரே துண்டாக நகர்ந்தது. ஓர் எழுத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை. இவ்வளவு கச்சிதமாக ஒருவனால் வேலை செய்ய முடியுமா என்று வயிறு எரிந்தது. அடியில் 'வடிவமைப்பு: ஆல்வின்' என்று சேர்த்து, அதையே தினசரி அச்சுக்கு ஏற்றிவிட்டான்.

மாதிரி காட்ட யாராலும் முடியும், ஓட விட்டது ஆல்வின்தான் என்று மேடம் பொறுப்பை அவனுக்கே கொடுத்தார். ஹரிஹரன் தாளைப் பார்த்தான், ஆல்வினைப் பார்த்தான், டீயை ஊதினான். தோல்வியைக்கூட எவ்வளவு அழகாகத் தாங்குகிறான் என்று அதற்கும் ஆல்வினுக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பொன்னி தாளோடு வந்து நின்றாள். மேடமும் அங்கேதான் இருந்தார்.

"உங்க பேரு போட்ட தாளு சோக்கா கீது சார்."

ஆல்வின் ஹரிஹரனை ஓரக்கண்ணால் பார்த்தபடி நாற்காலியில் நிமிர்ந்தான்.

"ஆனா போட்டோ புடிச்சு மாட்டுன மாதிரி தெனமும் இதே தாளுதான் வருது. ஆளே இல்லாத ரூமைத் தெனம் பெருக்கிகினு கீறோம், ஆளு கீற ரூமுல துண்டு கேட்டுத் திட்டுறாங்கோ. மொத மொதல்ல வெறுங்கட்டமா ஒண்ணு குடுத்தீங்களே, அதுல நம்பராச்சும் சரியா இருந்துச்சி. அத்தையே திரும்பக் குடுத்துடறீங்களா சார்?"