என் முகத்தை எனக்கே கொடுத்துவிடு

படம் வரைந்து பேர் வாங்கிக்கொண்டிருக்கும் என் தம்பி மகனுக்கு, வண்டி நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கும் உன் பெரியப்பா சொல்லி எழுதவைத்தது. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். ஆகையால் வாய் என்னுடையது, கை உன் மகளுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று விடுதியிலிருந்து சாப்பிட வந்தவளைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். நான் சொல்வதை அப்படியே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

நீயும் மருமகளும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள். இங்கே உன் பெரியம்மா சுகம். அவள் கண்ணில் செய்த ஆபரேஷன் சுகம். என் முழங்கால்கூட இந்த வருஷம் பரவாயில்லை. சுகமில்லாமல் போனது என் முகம் ஒன்றுதான். போக்கடித்தவன் நீ.

வாலிபப் பிள்ளைகள் சூதாட்டத்திலும் போதையிலும் விழாமலிருக்கப் படக்கதைப் புத்தகம் போடுகிறார்கள், படமெல்லாம் நான்தான் என்று நீ போனில் சொன்ன அன்று, தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி நான் சொன்னேன். தபால்காரரிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், தவறான நம்பருக்குப் போன் செய்த ஒரு அம்மாளிடம்கூடச் சொன்னேன். புத்தகம் வந்தது. பஸ் நிலையத்துக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் மேஜைமேல் வைத்தார்கள், போதாததற்கு ஒரு பக்கத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கல்லூரிச் சுவரில் ஒட்டினார்கள். நானும் ஒன்று வாங்கிப் பிரித்தேன். ஒரு பையன் சைக்கிளில் சந்தோஷமாகப் போகிறான். விளக்குக் கம்பத்தடியில் நிற்கிற ஒருவன் அவனைக் கைதட்டிக் கூப்பிடுகிறான். முதலில் சிகரெட், பிறகு மாத்திரை, பிறகு போனை நீட்டி ஒரு பந்தயம். அப்புறம் பையனுக்கு வாட்ச் போகிறது, சைக்கிள் போகிறது, சிரிப்பு போகிறது, அம்மா கதவோரம் நின்று அழுகிறாள். எழுத்தே தெரியாத எனக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு இடத்தில்கூடப் புரியாமல் தட்டவில்லை. அது உன் கெட்டிக்காரத்தனம். ஆனால் கம்பத்தடியில் நிற்கிறவன் யாரப்பா? மூக்குக்குப் பக்கத்தில் மச்சம், மடங்கின வலது காது, ஒரு பக்கம் தூக்கின மீசை, எழுதத் தெரியாவிட்டாலும் கௌரவத்துக்காக நான் சட்டைப்பையில் குத்திக்கொள்கிற பேனா. ஒன்றையும் விடவில்லையே நீ. உன் பெரியம்மா பார்த்துவிட்டு, "இருமல் ஒண்ணுதான் குறை, அப்படியே நீங்கதான்" என்றாள். அவளுக்கு ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இது இன்று நேற்று ஆரம்பித்த பழக்கமா? எனக்கு எழுத்துதான் வராதே தவிர, நடந்தது எதுவும் மறக்காது. உனக்கு முன்பல் விழுந்திருந்த வயது. தையற்காரர் மகனோடு கோலி ஆடி, கோலியெல்லாம் தோற்று, அப்புறமும் எழுந்து வர மனசில்லாமல் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் பந்தயம் வைத்து, அதையும் தோற்று, சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நான் வாசலிலேயே காதைத் திருகினேன். மறுநாள் பார்த்தால் சமையலறைச் சுவர் முழுக்கக் கரியால் ஒரு பூதம். பூதத்தின் மூக்குக்குப் பக்கத்தில் மச்சம். அன்றிலிருந்து கெட்டவன் என்றாலே உன் கைக்கு என் முகம்தான் வருகிறது. பொத்தான் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

புத்தகம் வந்த வாரமே என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. பஸ் நிலையத்தில் வண்டி விட வந்த ஒரு அம்மாள், டோக்கன் கொடுக்க நான் கையை நீட்டியதும் மகனை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அவர் எது குடுத்தாலும் வாங்காத" என்றாள். டோக்கன் வாங்காமல் வண்டியை எப்படி விடுவது? அவள் வாங்கமாட்டேன் என்கிறாள், நான் வாங்கித்தான் ஆகவேண்டும் என்கிறேன், கூட்டம் கூடிவிட்டது, கூட்டத்துக்கு நான் கெஞ்சுவது மட்டும்தான் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "திருந்துங்க தாத்தா" என்று கத்திக்கொண்டு போனார்கள். சலூன்காரர் என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, மீசைதான் காட்டிக்கொடுக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். வாலிபத்திலிருந்து வளர்த்த மீசை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சரி என்றேன். அடுத்த வாரம் நீ உன் பெரியம்மாவின் கண்ணைப் பார்க்க வந்தாய். அவள் கண்ணைப் பார்க்காமல் என் மூக்குக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே எனக்குச் சந்தேகம். இரண்டாம் புத்தகத்தில் கம்பத்தடி ஆசாமி போலீசுக்குப் பயந்து மீசையை மழித்துக்கொண்டிருக்கிறான். சரி, முகத்தையே மறைத்துவிடலாம் என்று குரங்குக் குல்லா, முஃப்ளர், கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டேன். உன் பெரியம்மா அந்தக் கோலத்தைப் போனில் படம் பிடித்து, பார்த்துச் சிரிடா என்று உனக்கு அனுப்பிவிட்டாள். நீ சிரித்தாயோ இல்லையோ, மூன்றாம் புத்தகத்தில் அவன் குல்லாவும் முஃப்ளருமாக வேறு இடத்தில் போய்க் கடை விரிக்கிறான். இனிமேல் நான் ஒளிந்துகொள்ள என்னப்பா பாக்கி இருக்கிறது, சாக்குப் பையா?

நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் நல்ல மனுஷர். "உங்க மேல தப்பு இல்ல பெரியவரே, முகம் கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லி, என்னைப் பஸ் நிலையத்திலிருந்து தூக்கி, கடைத்தெருப் பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போட்டார். பகலிலும் விளக்கெரிகிற இடம். இப்படி மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, உன் மகள் உட்பட ஒருவரிடமும் நான் மூச்சுவிடவில்லை. அங்கேயாவது நிம்மதி உண்டா? குல்லாக்காரர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறாராம் என்று எப்படியோ செய்தி பரவிவிட்டது. பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள். இங்கேயோ என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று படம் போட்ட உனக்குத் தெரியாது.

முதலில் வந்தவன் மெலிந்த பையன். தூணுக்குப் பின்னால் நின்று, "சரக்கு இருக்கா" என்றான். நான் அப்போது இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தேன். இதுதான் இருக்கிறது, இருமலுக்கு என்று ஒன்றை நீட்டினேன். வாயில் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, "ஏறுது" என்றான். மறுநாள் இரண்டு சிநேகிதர்களோடு வந்தான். அப்பா, அது வெறும் இருமல் மிட்டாய் என்று டப்பாவையே காட்டினேன். புரியுது புரியுது என்று கண்ணடித்தார்கள். பந்தயம் கட்ட வந்தவர்களும் அப்படியே. போனில் தோற்றதையெல்லாம் இந்தக் குல்லாக்காரரிடம் ரொக்கமாகப் பந்தயம் கட்டி மீட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு. நான் அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல, பெரிய கைதான் இவர், எவ்வளவு உஷாராகப் பேசுகிறார் பார் என்று மரியாதை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போய், "ஆள் வரணும், அதுவரைக்கும் அந்த வண்டிங்கள வரிசையா நிறுத்து" என்றேன். நிறுத்தினான். அடுத்தவனிடம் துடைக்கத் துணி கொடுத்தேன், துடைத்தான். இன்னொருவன் யாரும் கேட்காமலே பெருக்கினான். ஆள் எங்கே வரப்போகிறான்? குத்தகைக்காரர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, இந்த இடம் இவ்வளவு பளபளவென்று இருந்ததே இல்லை, நீங்கள் இங்கேயே இருந்துவிடுங்கள் என்கிறார். என் கதி அப்படி ஆயிற்று.

வேடிக்கை இனிமேல்தான். ஒருநாள் கட்டம்போட்ட சட்டையில் தடித்த ஆள் ஒருவர் வந்து, அவரும் பந்தயம் கட்டவேண்டும் என்றார். சட்டைதான் கட்டம், காலில் போலீஸ் பூட்ஸ். நான் பழக்க தோஷத்தில் அவர் கையிலும் துணியைக் கொடுத்துவிட்டேன். மஃப்டியில் வந்தவர் என்ன செய்வார், துடைத்தார். துடைக்கிறவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. உனக்கு என்ன போச்சு என்று ஒருவன் கேட்க, அடுத்தவன் லேப்டாப் என்றான். இன்னொருவன் அக்காவின் வளையல் என்றான். ஒரு பரீட்சையே போய்விட்டது என்றான் ஒருவன். ஜெயித்தவன் யாராவது உண்டா என்று மெலிந்த பையன் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான், ஒரு கை எழும்பவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே போலீஸ்காரர் மெல்ல, "எனக்கும்தான் தம்பி, பைக்குக்குச் சேத்து வச்சது" என்றார். அவ்வளவுதான், எல்லாருமாகச் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த கார் ஒன்று ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதன்பிறகு அவர் என்னைப் பிடிக்கவும் இல்லை, வருவதை நிறுத்தவும் இல்லை.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் என் முகத்துக்கு வந்த கஷ்டம். இனிச் சொல்வது வேறு. போன செவ்வாய்க்கிழமை ஒரு ஹெல்மெட் வந்தது. ஹெல்மெட் என்றால், வண்டியை விட்டு இறங்கியும் கழற்றாத ஹெல்மெட், கண்ணாடியைக்கூட ஏற்றாத ஹெல்மெட். ஏன் பேனா நிற்கிறது? எழுது. ஹெல்மெட்டின் கையில் ஒரு கவர் இருந்தது. நாளைய மேட்ச்சுக்கு இங்கே கட்டலாமாமே என்று அது குரலைத் தடிப்பாக்கிக் கேட்டது. "உக்காரு" என்றேன் முஃப்ளருக்குள்ளிருந்து. என் குரலைக் கேட்டதும் அது ஒரு குலுக்குக் குலுங்கியது. ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை. துணியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது. மற்றவர்கள் அவரவருக்குப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் ஒரே வண்டியைத் துடைத்துக்கொண்டு கேட்டபடி நின்றது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஹெல்மெட்டின் கண்ணாடி உள்ளே மழை பெய்தமாதிரி மங்கிப்போயிருக்கிறது. அது துணியை எடுத்து வெளிப்பக்கம் துடைக்கிறது. வெளியே துடைத்தால் போகுமா? போகவில்லை. மறுபடியும் துடைக்கிறது.  நான் அதன் பக்கத்தில் போய், "ஆள் இன்னிக்கு வரமாட்டான். அந்தக் கவர் எங்க போகணுமோ அங்க கொண்டுபோய்க் குடுத்துடு" என்றேன். தலையை ஆட்டியது. போய்விட்டது.

அது யார் என்று நீ கேட்பாய். டோக்கன் எண்ணைப் படிக்கத் தெரியாதவன் நான். வண்டியின் சத்தத்தையும் அது சாய்ந்து நிற்கிற நிலையையும் வைத்து யாருடையது என்று சொல்லித்தான் இத்தனை காலம் பிழைத்தேன். அந்த வண்டி நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லமாட்டேன். மூடிக்கொண்டு வந்த முகத்தை நான் திறந்து காட்டினால், உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? காட்டுகிற அன்றைக்கு அதுவே காட்டட்டும். யாராவது உன்னிடம் வந்து காட்டினால், தயவுசெய்து காதைத் திருகாதே. பொத்தான் இல்லாத சட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற பையனை நினைத்துக்கொள். அதற்காகத்தான் அந்தக் கதையை இழுத்தேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாலாம் புத்தகத்திலாவது என் முகத்தை என்னிடம் கொடுத்துவிடு. வேறு யாரையாவது கம்பத்தடியில் நிறுத்து. உன் மாமனாருக்குக் களையான முகம்தானே, அவரைக் கேட்டுப்பார். அடுத்த ஞாயிறு நேரில் வந்துவிடு, பெரியம்மாவும் பார்க்கவேண்டும் என்கிறாள். மருமகளுக்கு என் ஆசி. உனக்கும் ஆசிதான், மீசை வளர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
குல்லாவுக்குள் இருக்கும் உன் பெரியப்பா

நான் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். உன் மகள் இன்னும் பேனாவை வைக்கவில்லை. அவள் என்ன எழுதப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத்தான் எழுத்து வராதே. நான் போய்க் காலை நீட்டிப் படுக்கிறேன்.

பின்குறிப்பு: அப்பா, இது நான். அந்த ஹெல்மெட் நான்தான். குரலைக் கேட்டதும் குல்லாவுக்குள்ளே தாத்தா என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் கழற்ற முடியவில்லை. கவரில் இருந்தது விடுதிக்குக் கட்டவேண்டியது, அன்றைக்கே கட்டிவிட்டேன். அதற்கு முன்னால் போனில் போனதை நேரில் சொல்கிறேன். போனிலிருந்து அந்த ஆட்டத்தை எடுத்தாயிற்று, இரண்டு தடவை திரும்பப் போட்டு, இரண்டு தடவை திரும்ப எடுத்தாயிற்று. தாத்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு வந்ததும், கடிதம் எழுதணும் உட்காரு என்றார், அவ்வளவுதான்.

இதுவரை கல்லூரிச் சுவரில் ஒட்டிய பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன், உங்கள் புத்தகங்களை நேற்றுத்தான் முதன்முதலாகப் படித்தேன். மூன்றிலும் ஆடுவது பையன், தோற்பது பையன், திருந்துவது பையன். பெண் என்றால் கதவோரம் நின்று அழுவதற்கு மட்டும் வருகிறாள். அதனால்தானோ என்னவோ, நான் ஆடும்போது நீங்கள் வரைவதும் இதுவும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாலாவதில் ஒரு பெண்ணை ஆடவிடுங்கள். முகம் வேண்டுமென்றால் என் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

தாத்தாவின் முகத்தை எடுத்துவிடாதீர்கள். மேலே சொன்னதையெல்லாம் நம்பவேண்டாம். மூன்று புத்தகத்தையும் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். கீழ்த்தளத்துக்கு வருகிறவர்கள் கேட்டால், அவர் படத்துக்குப் பக்கத்தில் கைநாட்டு வைத்துக் கொடுக்கிறார். போலீஸ்காரர் இரண்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கப்பா. சட்டையில எல்லாப் பொத்தானும் இருக்கான்னு பாத்துட்டு வாங்க.