இருபத்தோரு படமும் மூன்று ஷிஃப்டும்

திங்கட்கிழமை காலை, முதல் படத்தின் முதல் பேய் வருவதற்குள்ளேயே உடையப்பன் தூங்கிவிட்டார். விழித்தபோது பேய் வந்து, பழிவாங்கி, சாந்தியும் அடைந்திருந்தது.

“போச்சு! ஒரு படம் வீணாப் போச்சு!”

“திருப்பிப் போட்டுப் பாருங்க,” என்றாள் மனைவி சுகன்யா, அடுப்படியிலிருந்து.

“அப்ப அடுத்த படத்த யாரு பாக்குறது? அம்புட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியணும்!”

உடையப்பன் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மெஷின் பராமரிப்புக்காக மில்லுக்கு ஒரு வாரம் லீவு. தின்பது, தூங்குவது, ஞாயிற்றுக்கிழமை நத்தத்தில் நண்பர் இருதயநாதன் தோப்பில் கிடாக்கறி சாப்பிடுவது. இதுதான் அவர் போட்டிருந்த திட்டம். அதில் மண்ணைப் போட்டது டிவியில் வந்த ஒரு சலுகை: இருபத்தோரு படம், முந்நூறே ரூபாய்.

மலிவு என்றால் எலி மருந்தையே இரண்டு பாக்கெட் வாங்குகிற மனுஷன். யோசிக்காமல் ரிமோட்டை அமுக்கிவிட்டார். ஐந்து பேய், நான்கு பாம்பு, மீதியெல்லாம் வாய் ஒருபக்கமும் வசனம் ஒருபக்கமும் போகிற டப்பிங். அமுக்கிய பிறகு இருதயநாதன் போனில் சொன்னார்: “ஏழு நாளுக்குள்ள பாக்கலைன்னா தானா அழிஞ்சிரும்ப்பா.”

ஏழு நாள், இருபத்தோரு படம், நாளுக்கு மூன்று. மூன்று என்றதும் மில்காரருக்கு வேறென்ன தோன்றும்? ஷிஃப்ட் அட்டவணை எழுதி பிரிட்ஜில் ஒட்டினார்.

மதியம் இரண்டாம் ஷிஃப்டில் நெட் சுற்றிக்கொண்டே நின்றது. ரௌட்டர் மாற்றக் கேபிள்காரப் பையன் முகமது யாசினுக்குப் போன் போட்டுவிட்டு, எரிகிற கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கக் கடைக்குப் போனார். திரும்பியபோது யாசின் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தான். தட்டில் இருந்த ஆறு வடையில் நான்குதான் மிச்சம்.

“காக்காய்க்கு வச்சேன்,” என்றாள் சுகன்யா. பிறகு குழைந்தாள். “ஏங்க, நானும் ஒரு ஷிஃப்ட் பாக்கவா? காசு குடுத்து வாங்கிருக்கீங்க, வீணாப் போகக் கூடாதுல்ல?”

பதினெட்டு வருஷத்தில் அவருடைய சிக்கனத்தை அவள் மெச்சியது இதுதான் முதல் தடவை. உடையப்பன் உருகிப்போனார்.

“ஆனா அந்நேரம் அடுப்ப யாரு பாக்குறது?” என்று இழுத்தாள் அவள்.

“நான் பாக்குறேன்!” என்று வாயை விட்டார்.

செவ்வாய்க்கிழமை சுகன்யா சோபாவில் காலை நீட்டிப் பாம்பைப் பார்த்தாள். அடுப்படியில் சோறு கஞ்சியானது.

“செத்த நேரம் படத்த நிறுத்திட்டு வாயேன்!”

“நிறுத்துனா அடுத்த ஷிஃப்ட் லேட்டாகும்ல?”

அவர் போட்ட சட்டம். கஞ்சியையே தட்டில் ஊற்றினார்.

புதன்கிழமை, சமைத்த களைப்பில் தன் ஷிஃப்டில் மறுபடி தூங்கிவிட்டார். சுகன்யாவுக்கு இரக்கம் வந்தது. “பாவம், உங்களால முடியல. மூணு ஷிஃப்டும் நானே பாத்துக்கிறேன். நீங்க மத்த வேலைய மட்டும் பாருங்க.”

மத்த வேலை என்பது இத்தனை இருக்கும் என்று உடையப்பனுக்குத் தெரியாது. பாத்திரம், துணி, ஒட்டடை. வியாழக்கிழமை பார்த்துக் குழாயில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது. நூறு பேரை விரட்டி வேலை வாங்குகிறவர் இடுப்பில் குடத்தோடு நடக்க, தெருவே வேடிக்கை பார்த்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

“ஏங்க, பாம்பு பழிவாங்கப் போகுது. சட்டுனு ஒரு டீ!”

வெள்ளிக்கிழமை, “வெஞ்சனத்துக்கு என்ன செய்ய?” என்று அவரே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்.

“வாழக்கா வறுங்க. நேத்து உப்பு கம்மி.”

சனிக்கிழமை இருதயநாதன் கூப்பிட்டார். “கிடா ரெடி. காலைலயே வந்துருப்பா.”

உடையப்பன் எச்சில் விழுங்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“போயிட்டு வாங்களேன்,” என்று பெருமூச்சு விட்டாள் அவள். “நான் சமைக்கப் போயிருவேன். மூணு படம் அழியும். அழிஞ்சா அழியட்டும்.”

“முந்நூறு ரூபாடி!” என்று அலறி, கிடாக்கறியைக் கைகழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைசிப் படத்தின் பாதியில் நெட் செத்தது. சப்பாத்தி மாவுக் கையோடு போனைப் பிடித்தார்.

“யாசினு, ஓடியா! ஒரு படம் அழியப் போகுது!”

யாசின் வந்து வயரைத் திருகினான். படம் வந்தது. “நான் டீ போடுறேன்,” என்று சுகன்யா பல நாளுக்குப் பிறகு முதன்முறையாக அடுப்படிக்குள் ஓடினாள்.

“எதுண்ணே அழியும்?” என்று யாசின் ரிமோட்டை வாங்கித் தட்டிப் பார்த்தான். “இது வாடகைப் படம் இல்லண்ணே, விலைக்கு வாங்குனது. ஆயுசுக்கும் உங்களுதுதான். திங்கக்கிழமையே அக்காகிட்டச் சொன்னேனே, சந்தோஷத்துல எனக்கு ரெண்டு வடையெல்லாம் குடுத்தாங்களே!”