விக்ரோலி அதிசயம்

"விக்ரோலில பூஜ்யமா?"

டாக்டர் சுரேந்திரனின் மூக்கு கணினித் திரையை இடித்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு மூளைக்காய்ச்சல் மும்பையின் எந்த வட்டாரத்தில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதுதான் அவர் வேலை. தாராவியில் பாதி குறைந்திருந்தது, செம்பூரிலும் அப்படியே. விக்ரோலியில் மட்டும் ஒரு வருடமாக ஒரு குழந்தைக்குக்கூட வரவில்லை.

"நல்ல விஷயம்தானே சார்?" என்றான் உதவியாளன் மாரீஸ்வரன்.

"மண்ணாங்கட்டி! தடுப்பூசி ரொம்பக் கம்மியாப் போட்டதே அங்கதான்யா. போடாத எடத்துல நோயே இல்லைன்னா, நான் எதுக்குன்னு டில்லிக்காரன் கேப்பான்."

இயக்குநர் நாற்காலிக்கு அவர் பெயர் டில்லிக்குப் போயிருந்தது.

தடுப்பூசிக் கணக்கைத் திரும்ப எடுக்கச் சொன்னார். அது இன்னும் குறைந்தது. வேறு வழியில்லாமல், 'விக்ரோலி அதிசயம்' என்று தலைப்புப் போட்டு, எல்லாம் கழிமுகக் காற்றும் சதுப்புநில மரங்களும் செய்த நன்மை என்று எழுதி அனுப்பினார். மரங்கள் மறுக்கவில்லை. அதிசயத்தை நேரில் பார்க்க டில்லியிலிருந்து ஒரு குழுவே வந்து இறங்கியது.

குழுவை அந்த வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் குழந்தைகள் வார்டுக்குக் கூட்டிப்போனார். போட்டோவுக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது. முதல் கட்டிலில், 'சாதாரணக் காய்ச்சல்' என்று எழுதிய அட்டைக்குக் கீழே ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். மாலையுடன் நெருங்கினார்.

"தலையைக் கொஞ்சம் குனிம்மா."

அவள் குனியவில்லை.

"வெக்கப்படாதே, குனி."

"வெக்கமில்ல சார்," என்றாள் பக்கத்தில் நின்ற தாய் முத்துமாரி. "நேத்துலருந்து கழுத்த மடக்க முடியலங்கா. வெளிச்சத்தப் பாத்தா அழுதா."

மாலை பாதி வழியில் நின்றது. சுரேந்திரன் நோயாளியைத் தொட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தாலும் மடங்காத கழுத்துக்கு என்ன அர்த்தம் என்பது அவருக்கு மறந்துவிடவில்லை. நர்ஸ் நூர் நிஷாவை ஓரமாக இழுத்தார்.

"சிஸ்டர், இது மூளைக்காய்ச்சல் இல்லையா?"

"அதேதான் சார். அதுக்கான மருந்துதான் ஏத்துதோம், புள்ள தேறிருவா."

"பின்ன ஏன் அந்தப் பேரை எழுதல?"

"முதுகுல குத்தி நீர் எடுத்துப் பாக்காம எழுதக்கூடாதுன்னு உங்க ஆபீசுலதான சொன்னாங்க? குத்துற ஊசி தீந்து ஒரு வருசமாவுது. நீங்க அதத்தான் கொண்டாரீங்கன்னுல்லா நெனச்சோம், மாலையக் கொண்டாந்திருக்கீங்க!"