முந்நூற்று எண்பத்தாறு மீன்களின் காவலர்

ஏலப்பாறைக்கு மேலே, தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் ஒரு டேம் இருக்கிறது. டேம் என்றதும் மிரண்டுவிட வேண்டாம். ஓடைக்குக் குறுக்கே வெள்ளைக்காரர்கள் கட்டிய ஒரு சுவர், அதன் பின்னால் தேங்கிய கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். தூண்டில் போட்டு விளையாடுவதற்காக ட்ரவுட் என்ற குளிர்தேச மீனை அதில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மீன்களும் தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அதற்கு வாட்சர் சுவக்கீன், துரை என்று பெயர் வைத்திருந்தார். இருந்த இடத்துக்கே சாப்பாட்டை வரவழைக்கும் பிறவிக்கு வேறென்ன பெயர் வைப்பது? காலையில் அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், துரை மெதுவாக எழுந்தருளி மண்புழுவை வாங்கிக்கொள்ளும்.

சுவக்கீனுக்குத் தேயிலைத் தோட்டத்து வேலை எப்போதோ முடிந்துவிட்டது. தோட்டத் தொழிலாளருக்கான லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொல்லி இரண்டு நோட்டீஸ் வந்தாயிற்று. டேம் ஓரத்தில் வாட்சர் குவார்ட்டர்ஸ் ஒன்று பூட்டித்தான் கிடந்தது. ஆனால் டேமில் அவர் பதினோரு வருடமாகத் தற்காலிக வாட்சர். தற்காலிக மனிதருக்கு நிரந்தரக் கூரை தர விதியில் இடமில்லை. முந்நூறு மீனுக்கு ஒரு நிரந்தர வாட்சர் என்பதே விதி.

இந்த நிலையில்தான் அரசாங்கத்துக்கு மீன்சுற்றுலா என்ற ஞானம் பிறந்தது. மீன்துறை உதவி அலுவலராக ரிஜின் என்ற இளைஞர் ஒரு பெரிய பதிவேட்டுடன் வந்து சேர்ந்தார்.

"சுற்றுலாக்காரங்க மீன் பிடிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, திரும்ப தண்ணில விட்டிடுவாங்க சேட்டா" என்று விளக்கினார்.

"விடுறதுக்கு எதுக்கு சார் பிடிக்கணும்?"

"இப்ப உலகம் முழுக்க அதுதான் வழக்கம். மண்புழு பாடில்ல, போடவே கூடாது. கோழி இறகுல கட்டின பொய் ஈ மட்டும்தான்."

வந்தார்கள். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும், இடுப்பு வரை ரப்பர் பூட்ஸும் பதினாறு பை வைத்த சட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். துரைக்கு மனித நிழல் என்றால் சாப்பாடு. பொய் ஈயோ மெய் ஈயோ, லபக்கென்று கவ்வியது. பிடித்தவர் அதை முத்தமிட்டுப் படம் எடுத்துத் தண்ணீரில் விட்டார். ரிஜின் பதிவேட்டில் 'மீன் எண் 1' என்று எழுதினார். மத்தியானம் அதே மீன், எண் 2. சாயங்காலம் எண் 3. ஒவ்வொன்றுக்கும் சாட்சியாக சுவக்கீன் கையெழுத்துப் போட்டார்.

ஒருநாள் மனசு கேட்காமல், "சார், ஒரே மீனு திரும்பத் திரும்ப வருதோன்னு..." என்று இழுத்தார்.

"வராது சேட்டா. ஒருதடவ தூண்டில்ல மாட்டின மீனுக்கு அறிவு வந்திடும். அறிவு வந்த மீன் மறுபடி கடிக்குமா?" என்றார் ரிஜின். மூன்று முறை பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்.

வீட்டில் மனைவி கத்தரீனாள் அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "முந்நூறு வர்ற வரைக்கும் வாயத் தொறந்துராதீய. மூணாவது நோட்டீசு வந்தா சட்டி பானையத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஆறு மாதத்தில் எண் 387 ஆனது. துரையின் மேலுதடு இடது பக்கம் கிழிந்து தொங்கியது. பார்க்கும்போதெல்லாம் சுவக்கீன் கூடுதலாக ஒரு மண்புழு போடுவார். வேறென்ன செய்வார்?

வாட்சரை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்திட மீன்துறை இயக்குநரே நேரில் வந்தார். வந்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இயக்குநர் கொல்லத்துக் கடற்கரைக் கத்தோலிக்கர். சுத்தபோசனம், இறைச்சி ஆகாது, மீன் ஆகும். மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அன்று பார்த்து ஹர்த்தால், மாநிலம் முழுக்கக் கடையடைப்பு. மீன் வண்டி ஒன்றும் மலை ஏறவில்லை.

"கருவாடு இருக்கு சார்" என்றார் சுவக்கீன்.

"இயக்குநருக்குக் கருவாடா?" என்றார் ரிஜின். " முந்நூத்தி எண்பத்தேழு மீன் நம்ம கைல இருக்கு. ஒண்ணு பிடிங்க."

சுவக்கீன் பதினோரு வருடத்தில் முதன்முறையாக ஓர் அதிகாரியிடம் முழு உண்மையைச் சொன்னார். "சார், மொத்தமே ஒண்ணுதான் சார் இருக்கு. எல்லாம் அதே மீனுதான். உதட்டப் பாருங்க, தெரியும்."

ரிஜின் பதறவில்லை. பதிவேட்டைப் பிரித்து நீட்டினார். "இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"முந்நூத்தி எண்பத்தேழு தடவ உண்மை சொன்ன மனுஷன் நீங்க. இன்னைக்கு ஒரு தடவ சொல்றத நான் எப்படி நம்புவேன்?"

சுவக்கீன் டேமுக்குப் போனார். தூண்டில் எடுக்கவில்லை. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். துரை வந்தது.

தேங்காய் எண்ணெயில் பொரித்துப் பரிமாறினார்கள். இயக்குநர் முள்ளைச் சப்பியபடி, "இத்தனை மீன் உள்ள இடத்துல வாட்சர் தற்காலிகமா? மோசம்" என்று அங்கேயே கையெழுத்திட்டார். உத்தரவில் ஒரு சின்னத் திருத்தமும் செய்தார்: மீன்களின் எண்ணிக்கை 386. அரசாங்கத்தில் துல்லியம் முக்கியம். அன்று இரவு கத்தரீனாள் புது வீட்டில் பால் காய்ச்சினாள். சுவக்கீன் குடிக்கவில்லை.

மறுவாரம் வந்த சுற்றுலாக்காரர் தூண்டிலுடன் மூன்று மணி நேரம் நின்றார். திரும்பி வந்து, "பிடிச்சேன், விட்டேன்" என்றார். முகத்தில் வெட்கமே இல்லை. சான்றிதழ் கொடுக்கப்பட்டது. அடுத்தவர் இரண்டு பிடித்து விட்டார். அதற்கடுத்த டாக்டர் முழங்கை நீளத்துக்கு ஒன்றை விட்டார். துரை இருந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான். இப்போது பத்துக்குக் குறைவதில்லை. பதிவேடு ஆயிரத்து நாற்பதைத் தொட்டது.

அப்போதுதான் முதலமடை மாங்காய் வியாபாரி அஷ்ரஃப் வந்தார். நாலு மணி நேரம் நின்றுவிட்டு நேரே ரிஜினிடம் போனார்.

"ஏனுங்க, இதுல மீனே இல்லீங்க."

"பதிவேட்டுல ஆயிரத்து நாப்பது இருக்கே?"

"ஏட்டுல இருக்கட்டுமுங்க. தண்ணியில இல்லீங்க. காய் இல்லாத தோப்பு எனக்குப் பார்த்தாலே தெரியுமுங்க."

ரிஜின் யோசித்தார். "ஆயிரத்து நாப்பது மீன் உள்ள தண்ணில ஒண்ணுகூட கிட்டாம போகாது. அப்ப கிட்டியிருக்கு. ஆனா நீங்க விடல. எங்க வச்சிருக்கீங்க?"

பையைச் சோதித்தார்கள். டிபன் பாக்ஸில் மனைவி கதீஜா கட்டிக்கொடுத்த மத்திக் குழம்பு, பாதி தின்றது. 'மீன் முள் கைப்பற்றப்பட்டது' என்று எழுதினார் ரிஜின்.

"அநியாயமுங்க! அது வீட்டுக் குழம்புங்க!" என்று கத்திய அஷ்ரஃப் சுவக்கீன் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்களாச்சும் சொல்லுங்க. நாள் பூரா இங்கயேதான இருந்தீங்க?"

ரிஜினும் திரும்பினார். "சொல்லுங்க சேட்டா. நிரந்தர ஊழியர் வாக்கு ஒண்ணு போதும்."

சுவக்கீன் குவார்ட்டர்ஸைப் பார்த்தார். கத்தரீனாள் அடுப்பு மூட்டியிருந்தாள். ஓட்டின் மேலே புகை எழுந்தது. பிறகு தண்ணீரைப் பார்த்தார். கண் கலங்கியது.

"பெரிய மீனு சார்" என்றார். "மேலுதட்டுல இடது பக்கம் கிழிஞ்சிருக்கும்."