பனங்காட்டம்மன் மகனைத் தேடி

கொங்குப் பக்கத்தில் யாரிடமும் எதையும் கேட்கலாம். சம்பளம் கேட்கலாம், சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கல்யாணமாகாத ஒருவன், "அவங்க எந்தக் கூட்டம், குலசாமி எது?" என்று மட்டும் விசாரிக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குப் பிறந்தபோது என் முன்னால் ஒரு தட்டு நிறையக் கச்சாயப் பலகாரம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். (அப்படித்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.) பழைய புத்தகக் கடையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பட்டாளத்துக்குப் போன யாரோ ஒருவர் பசியையும் பயத்தையும் ஊர் நினைப்பையும், வீர வசனம் ஒரு வரிகூட இல்லாமல் எழுதியிருந்தார். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அட்டையில் பெயர் இல்லை, 'பனங்காட்டம்மன் மகன்' என்று மட்டும் இருந்தது. அவர் யாரென்று கண்டுபிடித்தால் ஆய்வேடு, இல்லாவிட்டால் கணபதியில் இருந்த எங்கள் லேத் பட்டறை என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

பனங்காட்டம்மனைக் கும்பிடும் கூட்டத்தைப் பிடித்தால் கவிஞரைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கம் ஒரே குலசாமிக்காரர்கள் ஒரே கூட்டம், பங்காளிகள். அதற்குள் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் கல்யாணப் பேச்சு தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆராய்ச்சி ஏறிய மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் டீக்கடையில், அந்தக் கூட்டத்தில் மிச்சமிருப்பது ராமசாமி என்பவர் வீடுதான் என்றார்கள். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், எப்படிப்பட்ட குடும்பம் என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினேன். (தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் நான் எதையும் பாக்கி வைப்பதில்லை.)

ஞாயிறன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். கவிஞர் படம் இருந்தால் சாத்தலாமே என்று மல்லிகைப் பூவும் வாங்கினேன்.

வாசலுக்கே வந்து ராமசாமி வரவேற்றார். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஒரு கவிஞருக்கு இத்தனை மரியாதையா என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது. என் கூட்டம் எது என்று கேட்டார்கள். வேறு கூட்டம் என்றதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. ராமசாமியின் மனைவி பூவை ஆசையாக வாங்கிக்கொண்டார். பட்டுச் சேலை கட்டிய அவர்கள் மகள் பூங்கொடி காப்பி கொண்டுவந்தாள். நான் டேப் ரிக்கார்டரில் கேசட் போடும் மும்முரத்தில், அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் டம்ளரை வாங்கி வைத்தேன்.

பிறகு கேட்டேன்: உங்கள் குடும்பத்தில் யாராவது யுத்த காலத்தில் பட்டாளத்துக்குப் போனார்களா?

ராமசாமி தரையைப் பார்த்தபடி, "அப்படி ஆரும் இல்லீங்க" என்றார். என் காதில் லேத் ஓடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"இருந்தாருங்க" என்றாள் பூங்கொடி. "எங்க தாத்தா. பட்டாளத்துல இருந்து பாதியில ஓடியாந்துட்டாருங்க. ஒளிஞ்சுட்டுப் பாட்டா எழுதினாருங்க. அப்படிப்பட்ட குடும்பமுங்க இது."

(படிப்பை முடிக்காமல் கல்யாணம் வேண்டாம் என்று அழுது பார்த்தும் நடக்காமல், வந்தவனை விரட்ட அவள் விட்ட அஸ்திரம் அது என்பது பின்னால் தெரிந்தது.)

நான் துள்ளி எழுந்தேன். "இதுக்குத்தானுங்க நான் வந்ததே. ரொம்பச் சந்தோசமுங்க."

அவளுடைய மாமா ஒருவர் தொடையைத் தட்டினார். "அப்பறம் என்னங்க, மாப்பிள்ளைக்குச் சம்மதமாட்ட இருக்குது. தேதி பாத்துப்போடலாம்."

மாப்பிள்ளை யாரென்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

நான் திக்கித் திணறி உண்மையைச் சொல்லி முடித்தபோது ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சந்தேகம் எதுவும் மிஞ்ச வேண்டாம் என்று பூங்கொடி, "எனக்கும் இவரு வேண்டாமுங்க" என்றாள். நான் கேட்காமலேயே ஒரு பெண் என்னை வேண்டாம் என்று சொன்ன பெருமை இந்த ஜில்லாவில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

ராமசாமி எழுந்து நின்றார். "பயந்து ஓடியாந்தவரு மகன்னு ஊரெல்லாம் சொன்னது போதாதுங்களா? நீங்க வேற எழுதோணுமா?"

பாட்டுப் புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். பூங்கொடி அதை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பாட்டு இதில் இல்லை, அதை அச்சடித்திருந்தால் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்றாள். சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்த அந்தப் பாட்டை நின்றபடியே பாடினாள்.

சுட்டுப்போடுவாங்கன்னு ஓடி வரலே ஆத்தா,
சுடச் சொன்னாங்க, அதான் ஓடி வந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ போர்க் கவிதைகள் படித்துவிட்டேன். இந்த இரண்டு வரியின் தைரியம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வெட்கத்தில் அப்பாவோடு முகம் கொடுத்தே பேசாமல் இருந்துவிட்ட ராமசாமிக்கு, அதைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட நீயாச்சும் சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். அவர் மனைவி உள்ளே போய், பெட்டிக்கு அடியில் கிடந்த ஒரு போட்டோவை எடுத்து வந்து மல்லிகையைச் சாத்தினார். கவிஞரின் பெயர் பழனியப்பன். சாப்பிடாமல் என்னை அவர்கள் விடவில்லை.

ஆய்வேடு தேறியது, லேத்தும் என்னிடமிருந்து தப்பியது. பூங்கொடி படிப்பை முடித்த பிறகு, அவள் கல்யாணப் பத்திரிகையோடு ராமசாமியே நேரில் வந்தார். மண்டப வாசலில் என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை; சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் நிற்க, இதுதான் நடக்கிறது.

"இவரு எங்கப்பாவைப் பொண்ணு பாக்க வந்தவருங்க" என்று ராமசாமி சத்தமாக அறிமுகப்படுத்துவார். கேட்டவர்கள் விழிப்பார்கள்.

"எங்கப்பா ஆருன்னு கேளுங்க" என்பார்.