சீனிச் சம்பலும் ஐம்பத்தொரு வீதமும்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் சுழலும் நாற்காலி வைத்திருக்கிற தமிழ் முதலாளிகள் மிகக் குறைவு. அந்தச் சிலரில் சண்முகலிங்கம் ஒருவர். 'சண் ஃபூட்ஸ்' நிறுவனத்தின் டிறெக்டர். நிறுவனம் என்றால், நகர எல்லையில் வாடகைக்கு எடுத்த ஒரு சமையல் கூடம், இரண்டு பெரிய அடுப்பு, கதவில் சுத்தத்துக்கு அடையாளமாக உணவுப் பரிசோதகர்கள் ஒட்டச் சொன்ன சிரிக்கும் முகப் படம், உள்ளே அவருடைய மனைவி ராசமலர். வெங்காயத்தைச் சீனி போட்டு வதக்கிய சீனிச் சம்பலும் இஞ்சிப் பானமும் அங்கே போத்தலில் அடைபடும். வெங்காயம் வாங்குவது, வதக்குவது, அடைப்பது, பரிசோதகர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் ராசமலர். மிச்சமெல்லாம் சண்முகலிங்கம் பார்த்துக்கொள்வார். மிச்சம் என்று இருந்தது அந்த நாற்காலிதான்.

அவருக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த வசனம் ஒன்று உண்டு. அது ராசமலரின் வாயிலிருந்து வருவது. கோயிலில் இருந்து ஐந்நூறு பேருக்குச் சமைத்துத் தரக் கேட்டால், "இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்பாள். பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவி தன் பூனையை இரண்டு கிழமை வைத்திருக்கக் கேட்டாலும், "இவரைக் கேட்டுச் சொல்லுறன்." டெலிபோனில் எதையாவது விற்கப் பார்க்கும் டேனிஷ்காரனுக்கும் டேனிஷில் அதே பதில்தான். ஒவ்வொரு முறையும் சண்முகலிங்கத்தின் நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். அவள் பிறகு அவரிடம் எதையும் கேட்டதில்லை என்பது உண்மை. வேலை மும்முரத்தில் மறந்துபோகிறாள் என்று இருபத்திரண்டு வருடமாகப் பெருந்தன்மையோடு மன்னித்து வந்தார்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை லேபல். மீசையை முறுக்கிக்கொண்டு ஸ்ரூடியோவில் எடுத்த தன் படம் ஒவ்வொரு போத்தலிலும் இருக்கவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. ராசமலரோ மகள் கிருசாந்தி கீறிக்கொடுத்த ஒரு சிவப்பு வெங்காயப் படத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் பிறகு அடிக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நாலு வருடம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் கிருசாந்தி அந்தச் செய்தியோடு வந்தாள். எண்பது கடை வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம், பின்தங்கிய நிலையில் இருந்து தொழில் நடத்துகிறவர்களுக்கென்று தன் கடைகளில் தனித் தட்டு ஒதுக்கியிருக்கிறதாம். அதற்கு ஒரு சங்கத்திடம் சான்றிதழ் எடுக்கவேண்டும்.

எண்பது கடை. எண்பது கடையிலும் மீசை. சண்முகலிங்கம் நாற்காலியில் ஒருமுறை முழுதாகச் சுழன்றார்.

"நான் பின்தங்கினவன்தானே," என்றார். "முதுகு சரியில்லை. தலையில மயிர் இல்லை. முப்பது வருசமாகியும் டேனிஷ் பாசை வாய்க்குள்ள நுழையுதில்லை."

"நை, ஃபார்," என்றாள் கிருசாந்தி. தகப்பனுக்கு மறுப்புச் சொல்லும்போது அவளுக்கு டேனிஷ்தான் வரும்.

சான்றிதழ் புலம்பெயர்ந்த பெண்களுக்கு மட்டும் என்று அவள் விளக்கினாள். நிறுவனத்தின் பங்கில் நூற்றுக்கு ஐம்பத்தொரு வீதம் பெண்ணிடம் இருக்கவேண்டும். நடத்துவதும் அவளாகவே இருக்கவேண்டும். பெண்டாட்டியைப் பெயருக்கு வைத்துவிட்டுப் புருசன் பின்னால் நின்று ஆட்டினால் விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதைப் பிடிக்கவே ஓர் அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார்.

தனக்குப் பின்தங்கும் தகுதிகூட இல்லையே என்று சண்முகலிங்கம் ஒரு பகல் முழுக்க வருந்தினார். மறுநாள் காலையில் மூளை வேலை செய்தது. ஐம்பத்தொரு வீதத்தை முறைப்படி ராசமலர் பெயருக்கு மாற்றினார். கையோடு ஒரு கடதாசியும் எழுதினார். 'இந்த ஐம்பத்தொரு வீதம் பெயருக்கு மட்டுமே. என் கணவர் கேட்கும் நாளில் திருப்பிக் கொடுப்பேன். லேபல் முதல் அடுப்பு வரை அவர் சொல்வதே முடிவு.' டென்மார்க்கில் எந்த அதிகாரி கையில் அகப்பட்டாலும் விளங்கக்கூடாது என்று, தமிழிலேயே எழுதினார். எழுதி முடித்ததும் தன் கெட்டித்தனத்தை எண்ணித் தனியே சிரித்துக்கொண்டார்.

ராசமலர் அடுப்படியில் வெங்காயம் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாரும், இதில ஒரு கையெழுத்து வையும்."

"என்னப்பா இது?"

"சும்மா ஒரு கடதாசி. சான்றிதழ் அலுவல்."

"வாசிக்கத் தேவையில்லையோ?"

"உமக்கேன் அந்தக் கரைச்சல்?"

அவள் கையுறையைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பேனையை வாங்கினாள். கையெழுத்து வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. முழுப் பெயரையும் எழுதுகிறாள், எவ்வளவு பொறுப்பான பெண் என்று அவர் பூரித்துப்போனார். கடதாசியை அவளே மடித்து, உறையில் போட்டு, ஒட்டியும் கொடுத்தாள்.

"பிள்ளையார் படத்துக்குப் பின்னால வையுங்கோ," என்றாள். "பத்திரமாய் இருக்கும்."

விசாரணைக்கு வந்தவர் எமிலியா என்ற நடுத்தர வயது டேனிஷ் பெண்மணி. அவர் வருமுன்பே சண்முகலிங்கம் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்திருந்தார். முதலாளியம்மா தேத்தண்ணி போட எழும்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ராசமலர் சுழலும் நாற்காலியில் இருப்பாள், தேத்தண்ணி அவர் போடுவார். சீனி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே கால் மணித்தியாலம் போனது. ராசமலர் நாற்காலியின் உயரத்தைத் தனக்கு ஏற்றபடி பதித்து உட்கார்ந்தாள். அது அவளுக்கு நன்றாகப் பொருந்தியதை அவர் கவனிக்க விரும்பவில்லை.

கதவுக்குப் பின்னால் தட்டோடு நின்று அவர் காது கொடுத்தார். டேனிஷ் பேசத்தான் வராது, கேட்டால் விளங்கும். சம்பல் எத்தனை பாகை சூட்டில் எவ்வளவு நேரம், இஞ்சி எங்கிருந்து வருகிறது, போத்தல் வெடித்தால் என்ன செய்வது என்று எமிலியா கேட்கக் கேட்க, ராசமலர் மூச்சு விடாமல் பதில் சொன்னாள். அவர் எழுதிக்கொடுத்த பதினான்கு பதில்களில் ஒன்றைக்கூட அவள் சொல்லவில்லை. அந்தப் பதில்களில் பாதி பிழை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ராசமலரின் ஃபோன் அடித்தது. புதிதாக ஒரு வெங்காய வியாபாரி. அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அதிகாரிக்கு முன்னாலேயே, தெளிவான டேனிஷில், புருசனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

சண்முகலிங்கம் தட்டோடு கதவில் சாய்ந்தார். எண்பது கடையும் மீசையும் ஒரு நொடியில் போயின. ஆனாலும் இந்த நேரத்திலும் தன்னை மறக்கவில்லையே என்று நெஞ்சு வழக்கம்போல ஓர் அங்குலம் விரியத்தான் செய்தது.

எமிலியா பேனையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் இங்கே முடிவெடுப்பது யார் என்று கேட்டார்.

நான்தான் என்றாள் ராசமலர். அவனுடைய வெங்காயம் வேண்டாம். ஆனால் ஒரு மனிசனிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, அவன் மனம் நோகாதா? எங்கள் ஆட்கள் இப்படித்தான் சொல்லுவோம். அதைச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும்.

அப்போ கணவரைக் கேட்பதே இல்லையா என்றார் எமிலியா.

ராசமலர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருசத்தில ஒருக்காலும் இல்லை," என்றாள். "பாவம், அவருக்கு ஏன் கரைச்சல்?"

எமிலியா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு விண்ணப்பத்தில் எதையோ பெரிதாகச் சரி போட்டார். கதவுக்குப் பின்னால் தேத்தண்ணி ஆறிப்போனது.

பூனை, கோயில், டெலிபோன்காரன் என்று இருபத்திரண்டு வருடப் பெருமிதமும் சண்முகலிங்கத்தின் கண்முன் ஒவ்வொன்றாக விழுந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருப்பதை நினைத்ததும் வலி பறந்துவிட்டது.

மூன்றாம் கிழமை சான்றிதழ் வந்தது. அடுத்த கிழமை எண்பது கடையும் சம்பல் கேட்டன. வீட்டில் ஒரே கொண்டாட்டம். கிருசாந்தி தாயைக் கட்டிப்பிடித்துச் சுழற்றினாள். சரோஜினிதேவி பூனையோடு வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார். சண்முகலிங்கமும் உண்மையாகவே சந்தோசப்பட்டு, தன் மனைவியைப் போல உண்டா என்று வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னார். பிறகு மெதுவாக லேபலைப் பற்றிக் கேட்டார்.

"வெங்காயத்தை அனுப்பிப்போட்டன்," என்றாள் ராசமலர்.

"என்ர படம்?"

"அது பிறகு பாப்பம்."

சண்முகலிங்கம் சிரித்தார். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தார். பிள்ளையாரைக் கும்பிட்டு, படத்துக்குப் பின்னால் கைவிட்டு, உறையை எடுத்து வந்து எல்லாருக்கும் முன்னால் கிழித்தார். கடதாசியை விரித்து, லேபல் முதல் அடுப்பு வரை அவர் சொல்வதே முடிவு என்ற வரியைக் கணீரென்று வாசித்தார். வாசித்து முடித்து, விரலை நீட்டிக் கையெழுத்தைக் காட்டினார்.

கையெழுத்து வைக்கிற இடத்தில், வட்ட வட்டமான அழகான எழுத்தில், ராசமலர் எழுதியிருந்தாள்: 'இவரைக் கேட்டுச் சொல்லுறன்.'