நிற்காமல் வந்த கருகமணி

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். மேட்டில் நிறுத்திய காரை மறுபடி கிளப்பத்தான் அப்போது தெரியாது. இந்த இரண்டாவது விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உத்தமபாளையத்தில் டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் படித்தேன். வயலுக்கு நடுவே தோசைக்கல் போல் சமமான ரோடு. பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச் உண்டு. "சூப்பரா ஓட்டுறீங்க" என்று அவர் பாராட்டிய நாட்களில் பாதி வண்டியை ஓட்டியது அவர் கால்தான் என்பது லைசென்ஸ் வந்த பிறகே புரிந்தது.

அடுத்த இரண்டாம் மாதம் கொழுந்தனுக்குக் குமுளியில் கல்யாணம். என் கணவர் உட்பட மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் காலையிலேயே வேனில் மலையேறிவிட்டார்கள். மணப்பெண்ணுக்குத் தாலி போலக் கட்ட வேண்டிய கருகமணியைக் கோத்துத் தருவதாகச் சொன்ன ஆசாரி மட்டும் ஒன்பதரை வரை கோத்துக்கொண்டே இருந்தார். அதைக் கொண்டுபோக நானும் மாமியாரும்தான் மிச்சம்.

"அங்கன எல்லாரும் காத்துக் கெடக்காக. வாடகைக் கார் சொல்லுவமா?" என்றார் மாமி.

"எதுக்கு மாமி, நான் இருக்கேன்ல." (இந்த வாயை அன்றே தைத்திருக்கலாம்.)

மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டும் வரை நான் ராணி. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில், மேலே ஒரு லாரி திணறியதால் எல்லா வண்டிகளும் நின்றன. லாரி நகர்ந்ததும் கிளட்ச்சை விட்டேன். கார் குலுங்கி அணைந்தது. மறுபடி விட்டேன், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை அணையவில்லை, பின்னால் உருண்டது. பின்னால் நின்றதோ ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப். மாமி கருகமணிப் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சத்தமாக ஓத ஆரம்பித்துவிட்டார்.

பிரேக்கை மிதித்தேன். ஜீப்பிலிருந்து நான்கு பெண்கள் குதித்து, ஆளுக்கொரு கல்லை டயருக்கு அடியில் வைத்தார்கள். "ஏ ஆத்தா, நாங்க பிள்ளகுட்டிக்காரவுக. பாத்து ஓட்டு" என்றார் ஒருவர்.

ஜீப் டிரைவர் என் ஜன்னலருகே வந்தார். "ஹேண்ட் பிரேக்கப் போடுங்க. கிளட்ச்ச மெதுவா விடுங்க, வண்டி லேசா துடிக்கும். துடிச்சதும் ஆக்சிலேட்டரக் குடுத்து ஹேண்ட் பிரேக்க எறக்குங்க. கெளம்பிட்டா எங்கனயும் நிப்பாட்டாம போயிருங்க."

துடித்தது. (காரா, நானா என்று தெரியவில்லை.) பிரேக்கை இறக்கினேன். கார் ஏறியது. பின்னால் அந்த நால்வரும் குலவை போட்டார்கள்.

டிரைவர் கடைசியாகச் சொன்னது அந்த வளைவுக்கு. நான் அதை மொத்த வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டேன். செக்போஸ்ட்டில் நல்லவேளையாக யாரும் கைகாட்டவில்லை.

கல்யாண மண்டபம் ஓர் ஏற்றத்தின் நடுவில் இருந்தது. நிக்காஹ் முடிந்து பெண் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று மாமிக்குப் போன் மேல் போன். வாசலில் என் கணவர் கையை நீட்டி மறித்தார். நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாதே என்று ஆக்சிலேட்டரிலிருந்து நான் காலை எடுக்கவில்லை. (வந்து சேர்ந்த பிறகு எதற்குக் கிளப்ப வேண்டும்?)

"நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கூடவே ஓடி வந்தார்.

"முடியாது. மாமி, நீங்க பெட்டியக் குடுத்துருங்க."

மாமி ஜன்னல் வழியாக நீட்ட, அவர் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினார். நாங்கள் அரை கிலோமீட்டர் மேலே, சமதளத்தில் ஒரு டீக்கடை வாசலில் போய் நின்றோம்.

கருகமணி கட்டியதை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. பெற்ற மகன் கல்யாணத்தை மாமி பார்க்க முடியாமல் செய்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. மாமி கடைக்காரரிடம் "ரெண்டு சாயா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சாயா ஆறிப்போகும் வரை சிரித்தார்.

இப்போது மாதம் இரண்டு முறை அந்த மலையில் நான்தான் ஓட்டுகிறேன். எந்த மேட்டிலும் நிறுத்தி எடுப்பேன். யார் நம்புகிறார்கள்? குமுளியில் கொழுந்தன் வீட்டுக்கு வருகிறேன் என்று போன் செய்தால் போதும், அன்றைய மணப்பெண் நிதானமாகக் கேட்பாள்:

"எறங்குவீகளாக்கா, இல்ல அப்படியே போயிருவீகளா?"